குடியாத்தத்தில் ஒரு காலி மாடி அறை: இலவசப் படிப்பகம் ஆக்கினால் எத்தனை நாள் தாங்கும்?

#1 தறிமேடை (குடியாத்தம்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லூர்பேட்டையில் அப்பாவின் பழைய லுங்கி குடோன் இருக்கிறது. கீழே மளிகைக் கடைக்கு வாடகைக்கு விட்டாயிற்று. மேலே பன்னிரண்டுக்கு இருபதில் ஓர் அறை. நூல் கோன் அட்டைப்பெட்டிகளும் உடைந்த ராட்டை ஒன்றும் கிடக்கின்றன, அவ்வளவுதான். அதைப் படிப்பகமாக்கலாம் என்று ஒரு யோசனை.

யோசனை வந்த கதை இது. என் அக்கா மகன் பிளஸ் டூ முடித்ததும் வேலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் 48,000 ரூபாய் கட்டிச் சேர்த்தோம். டேட்டா சயின்ஸ், வேலை உறுதி என்றார்கள். மூன்றாம் மாதம் பாடம் எடுத்தவர் நின்றுவிட்டார். அதற்கப்புறம் திரையில் வீடியோ போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்களாம். ஒரு நாள் பையன் அந்த வீடியோவின் தலைப்பைத் தேடிப் பார்த்திருக்கிறான். ஐஐடி பேராசிரியர் எடுத்த பாடம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது.

சரி, போனது போகட்டும், வீட்டிலேயே உட்கார்ந்து பார் என்றேன். இரண்டு மாதம் ஆகிறது. மூன்றாம் பாடத்தைத் தாண்டவில்லை. சோம்பேறி என்று திட்டத் தோன்றியது. அப்புறம் யோசித்தால், நானும் கொரோனா சமயத்தில் ஆங்கிலம் கற்கிறேன் என்று இரண்டு செயலிகளை இறக்கிவைத்தவன்தான்.

இரண்டு பழைய லேப்டாப், ஒரு மேசை, சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், காசு கிடையாது. என் கேள்வி ஒன்றுதான்: இது மூன்று மாதத்தில் பூட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

#2 காட்பாடி ஜங்ஷன்

அண்ணா, பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தைத் தொடங்கியது 2003-இல். அதற்கு முன்பே, 2001-இல், அமெரிக்காவில் எம்ஐடி தன் பாடங்களை எல்லோருக்கும் திறந்துவிடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டது. மத்திய அரசின் ஸ்வயம் பாடத் தளம் 2017-இல் வந்தது. கணினியில் அடிப்படையே தெரியாதவர்களுக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் இருக்கிறது, தமிழ்க் குரலிலேயே. ஒவ்வொன்றும் பத்து நிமிடம். அதைப் பாதித் திரையில் ஓடவிட்டு மீதிப் பாதியில் நாமே செய்து பார்க்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் முதல் பைத்தான் வரை உண்டு.

என்பிடெல்லில் பார்ப்பதற்குக் காசு இல்லை, சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம். நான் கட்டியபோது பாடத்துக்கு ஆயிரம் ரூபாய். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, மையத்துக்குப் போக வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடம் என்றால் வாராவாரம் அசைன்மென்ட். அதில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25, தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும், 25-க்கு 10, 75-க்கு 30. முதல் முறை எனக்கு அசைன்மென்டில் 23, தேர்வில் 27. போயிற்று ஆயிரம்.

உங்கள் அக்கா மகன் டேட்டா சயின்ஸ்தான் என்றால் ஐஐடி மெட்ராஸின் பிஎஸ் என்ற இணையவழிப் பட்டப் படிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். 2020-இல் தொடங்கியது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைப்பார்கள். சாதிப் பிரிவையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்துக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை குறைகிறது. பாதியில் நின்றாலும் அதுவரை படித்ததற்கு அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமா என்று ஏதாவது கையில் இருக்கும்.

#3 மல்லுக்கட்டு (ராணிப்பேட்டை)

நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவன். கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வரும் விண்ணப்பங்களில் ஆன்லைன் சான்றிதழ் பத்து, பதினைந்து என்று அடுக்கியிருப்பார்கள். உட்கார வைத்து எக்ஸெல்லில் ஒரு பிவட் டேபிள் போடச் சொன்னால் மின்விசிறியைப் பார்ப்பார்கள். ஸ்டாஃப் வேலைக்குப் பட்டம் இருக்கிறதா என்றுதான் மேலிடம் முதலில் கேட்கும். ஷாப் ஃப்ளோருக்கு ஐடிஐ, டிப்ளமா. இலவசமாகப் படித்தவனை யாரும் வாசலில் மாலை போட்டு அழைக்கவில்லை.

இன்னொன்று. இலவசம் என்றால் மதிப்பு இருக்காது. நூறு ரூபாயாவது வாங்குங்கள், அப்போதுதான் ஒழுங்காக வருவான். தறிமேடை அண்ணன் மனசு நல்ல மனசு, ஆனால் அந்த அறை செப்டம்பரில் கேரம் போர்டு கிளப் ஆகிவிடும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

#4 பேரணாம்பட்டு பாய்

கேரம் போர்டு வைத்தால் நானும் வருகிறேன்.

#5 கொசப்பேட்டை வாத்தியார்

முப்பத்து மூன்று வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். ‘தானே கற்றல்’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு வேலம் கிராமம்தான் நினைவுக்கு வரும். வாலாஜாப்பேட்டைப் பக்கம்.

தமிழறிஞர் மு. வரதராசனார் (மு.வ.) அந்த ஊர்க்காரர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டார். கல்லூரிக்குப் போகாமலேயே தமிழ் படித்து, 1935-இல் வித்துவான் தேர்வெழுதி முதலிடம். அப்புறமும் பட்டங்களை வேலை பார்த்துக்கொண்டே வாங்கினார். 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர், 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு தாலுகா ஆபீஸ் எழுத்தர்!

மேடையில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மாணவர்கள் கைதட்டுவார்கள். திருப்பத்தூரில் முருகைய முதலியார் என்று ஒருவர் இருந்தார், மு.வ. அவரிடம் போய்த்தான் தமிழ் கற்றார் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். கல்லூரி இல்லை, உண்மைதான். சந்தேகம் கேட்க ஆள் இருந்தார். போய் நின்றால் ‘வா, உட்கார்’ என்று சொல்ல ஒரு வீடு இருந்தது.

தறிமேடை தம்பி, உங்கள் அக்கா மகன் மூன்றாம் பாடத்தில் நிற்கிறான் என்கிறீர்களே, மூன்றாம் பாடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? என் அனுபவத்தில் பையன் நிற்கும் இடத்தில் அநேகமாக ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரி புரிந்தால் அடுத்த ஆறு பாடத்தைத் தானே தாண்டுவான். வீடியோவில் கை தூக்க முடியாது. நூறு முறை ஓட்டினாலும் அதே வாக்கியத்தைத்தான் அது திரும்பச் சொல்லும். வகுப்பில் வாத்தியார் இரண்டாவது முறை வேறு மாதிரி சொல்வார், மூன்றாவது முறை திட்டிக்கொண்டே இன்னொரு மாதிரி சொல்வார்.

#6 அப்பர் தையல் (மாதனூர்ப் பக்கம்)

படித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் படிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், நேரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் லைனில், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். வயது 29. பிளஸ் ஒன்னில் நின்றவள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிந்திருக்கிறேன். ஐந்து பாடம், ஐந்து வருடம், ஒன்பது வாய்ப்பு. ஒரேயடியாக எழுத வேண்டியதில்லை, தேறிய பாடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். அது இல்லையென்றால் எனக்குப் படிப்பே கிடையாது. இரண்டு பாடம் முடித்துவிட்டேன்.

காலை ஏழுக்கு வேன் வரும். திரும்ப வீட்டுப் படி ஏறும்போது இரவு ஏழே கால். ஓவர்டைம் என்றால் அதுவும் இல்லை. வீட்டில் ஒரே போன், அதில் பிள்ளையின் வீட்டுப்பாடம், அவருடைய அழைப்புகள், அப்புறம் என் பாடம். வீடியோ இலவசம் என்று எழுதுகிறீர்கள், ரீசார்ஜ் யார் போடுகிறார்கள்?

நூறு ரூபாய் வாங்கச் சொன்ன அண்ணனுக்கு: மதிப்பு தெரியாமல் யாரும் பத்து மணி நேரம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறப்பதில்லை. எங்கள் லைனில் நூறு ரூபாய் என்றால் கணக்குப் போட்டுத்தான் எடுப்போம். வாங்கினால் நான் வருவேன், என் பக்கத்து மெஷின் பெண் வர மாட்டாள். அவள் என்னைவிட நன்றாகப் படிப்பாள்.

தறிமேடை அண்ணா, ஆறு முதல் ஒன்பது என்று போட்டிருக்கிறீர்கள். மாடிப்படியில் விளக்கு இருக்கிறதா? கழிப்பறை இருக்கிறதா? இரவில் பத்து ஆண்கள் உட்கார்ந்திருக்கும் மாடிக்கு எந்தப் பெண் ஏறி வருவாள்? ஞாயிற்றுக்கிழமை பகலில் வைத்தால் சொல்லுங்கள்.

#7 தறிமேடை

அக்கா, கழிப்பறை கீழேதான், கடைக்காரர் சாவி வைத்திருக்கிறார். படியில் விளக்கு இல்லை. இரண்டையும் நான் யோசிக்கவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். லேப்டாப் எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் சார், பையனிடம் கேட்டேன். நிகழ்தகவில் ‘நிபந்தனை’ என்று ஏதோ வருகிறதாம், அங்கேதான் நிற்கிறானாம்.

#8 கொசப்பேட்டை வாத்தியார்

நினைத்தேன். பையில் மூன்று சிவப்புக் கோலி, இரண்டு நீலக் கோலி. ஒன்றை எடுத்துவிட்டுத் திருப்பிப் போடாமல் அடுத்ததை எடுக்கிறான். முதலில் வந்தது சிவப்பு என்று தெரிந்துவிட்டால் பையில் இப்போது எத்தனை சிவப்பு, மொத்தம் எத்தனை? அவனே சொல்லட்டும். சொன்னால் தாண்டிவிட்டான்.

#9 நூலகத்து எறும்பு (வேலூர்)

தானாகக் கற்பவர்களைப் பார்க்க வேண்டுமானால் வெளிநாட்டுக் கட்டுரை எதுவும் வேண்டாம், காலையில் மாவட்ட மைய நூலகம் திறக்கும் நேரத்துக்கு வாசலில் வந்து நில்லுங்கள். சாப்பாட்டுப் பையோடு நிற்பார்கள், எல்லாம் டிஎன்பிஎஸ்சி கூட்டம். நான்கைந்து பேராகச் சேர்ந்து ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் வரலாறு, ஒருவர் அறிவியல். அவரவர் பாடத்தில் இருபத்தைந்து கேள்வி எழுதி வந்து மற்றவர்களைக் கேட்க வேண்டும். குரூப் 4-இல் 200 கேள்வி, மூன்று மணி நேரம், அதில் 100 தமிழ். இந்தக் குழுக்கள் ஒரு வருடத்தில் எத்தனை கேள்வியைத் தாங்களே தயாரிக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குப் பாதிப் பாடம் வந்துவிட்டது. பயிற்சி மையத்தில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு கொடுக்கும் தேர்வுத்தாளைவிட இவர்களுடையது கடினமாக இருக்கும் (நான் ஒன்றை எழுதிப் பார்த்து அவமானப்பட்டேன்).

அங்கே உட்கார்ந்து படிக்க யாரும் காசு கேட்பதில்லை. சும்மா வந்ததல்ல இது. சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதலாவது. பின்னால் நின்றவர் நூலகவியல் அறிஞர் சீர்காழி அரங்கநாதன். சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக நாம்தான் கட்டுகிறோம். ஆகவே மல்லுக்கட்டு அவர்களே, ‘இலவசம்’ என்று நீங்கள் சொல்வதற்கு நம் எல்லோருடைய வீட்டு வரியிலும் பங்கு இருக்கிறது.

அரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவதைத் தறிமேடை அண்ணன் அறைச் சுவரில் ஒட்டலாம்: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அப்பர் தையல் அக்கா கேட்பது அதைத்தான். அவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அதில் முக்கால் மணி நேரம் எது நல்ல வீடியோ என்று தேடுவதில் போனால் என்ன மிச்சம்? எந்தப் பாடத்துக்கு எதைத் திறக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். லேப்டாப்பைவிட அது உதவும்.

புத்தகங்களுக்கு: அரசுப் பாடநூல் எல்லாம் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் மதுரைத் திட்டம் இருக்கிறது, சங்க இலக்கியத்திலிருந்து தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: இலவசமாக இறக்க முடிவது வேறு, அச்சடித்துக் கொடுக்க அனுமதி இருப்பது வேறு. தமிழ் விக்கிப்பீடியாவில் இருப்பதை நகலெடுத்துத் திருத்திக்கூட விநியோகிக்கலாம், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் கொடுத்தால் போதும். தனியார் கைடை ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து அடுக்கினால் ஒரு நாள் வக்கீல் நோட்டீஸ் வரும்.

கடைசியாக ஒன்று. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் நம் வேலூர் ஊரீஸ் கல்லூரியில் படித்தவர். பிறகு சென்னையில் என்ன படிப்பது என்று நின்றபோது, உறவுக்காரர் ஒருவர் தான் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தாராம். கையில் காசு இல்லை, புத்தகம் சும்மா கிடைத்தது, தத்துவம் எடுத்துக்கொண்டார். ஓசியில் கிடைக்கும் புத்தகம் ஆளை எங்கே கொண்டுபோய் விடும் என்று யார் கண்டது? ஆகவே குரூப் 4 புத்தகத்தை மட்டும் அடுக்காதீர்கள். ஒரு வரிசையாவது வேறு ஏதாவது இருக்கட்டும்.

#10 மல்லுக்கட்டு

> மதிப்பு தெரியாமல் யாரும் பத்து மணி நேரம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறப்பதில்லை

சரி அக்கா, தோற்றேன். நூறு ரூபாயை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் பட்டம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். திறந்தநிலை என்று கேள்விப்பட்டதும் சிலர் பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்து நேராகப் பட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைக்குப் பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசை வேண்டும். வரிசை மாறியிருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்புவார்கள். என் சித்தப்பா மகனுக்கு நடந்தது. மூன்று வருடக் கட்டணமும் உழைப்பும் வீண். அக்கா முதலில் பன்னிரண்டை முடிக்கிறார், அது சரியான வழி. அதற்கப்புறம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மத்திய அரசின் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எதில் சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதி அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

#11 பேரணாம்பட்டு பாய்

விளையாட்டுப் பேச்சு போதும், ஒரு நிஜமான விஷயம். எங்கள் பக்கம், வாணியம்பாடி, மேல்விஷாரம் எல்லாம் உருது வழியில் படித்த பிள்ளைகள் உண்டு. வீட்டில் உருது, தெருவில் தமிழ், வீடியோவில் ஆங்கிலம். மூன்றையும் தாண்டி அல்ஜீப்ராவுக்கு வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். குடியாத்தத்தில் தெலுங்கு பேசும் வீடுகளும் எத்தனை! அறையில் ‘இங்கே தமிழில் மட்டும்’, ‘ஆங்கிலத்தில் மட்டும்’ என்று எதையும் எழுதி ஒட்டாதீர்கள். திறந்தநிலைப் பள்ளியில் உருதுவிலும் எழுதலாம் என்பது எங்கள் ஆட்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

#12 காட்பாடி ஜங்ஷன்

அக்கா ரீசார்ஜ் என்று சொன்னதிலிருந்து என் முதல் பதிவைத் திரும்பப் படிக்கவே கூச்சமாக இருக்கிறது. இணையத்தை நம்பாமல் செய்ய ஒரு வழி உண்டு. கிவிக்ஸ் என்று ஒரு மென்பொருள், அதில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளலாம். ராஸ்பெரி பை என்று உள்ளங்கை அளவுக் கணினி. அதில் விக்கிப்பீடியா, ஸ்போக்கன் டுட்டோரியல், பாடநூல் பிடிஎஃப் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் அறைக்குள் வருபவர்கள் வைஃபையில் இணைந்து டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற அறிவியல் செயல்முறைகளில் பலவும் இணையம் இல்லாமல் ஓடும். மின்சுற்று, ஊசல் எல்லாம் விரலாலேயே இழுத்துப் பார்க்கலாம். பெட்டி என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, நான் தருகிறேன். சனிக்கிழமை வந்து பொருத்தியும் தருகிறேன்.

ஆனால் அண்ணா, மேலே கூரை என்ன? ஷீட்டா, ஓடா? மே மாதம் குடியாத்தத்தில் பகல் இரண்டு மணிக்கு ஷீட் கூரைக்குக் கீழே பெட்டியும் தாங்காது, ஆளும் தாங்க மாட்டான்.

#13 தறிமேடை

ஷீட்தான். நேற்று மதியம் சோதனைக்காக அரை மணி நேரம் உட்கார்ந்தேன். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும்.

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். ஞாயிறு காலை ஏழு முதல் பத்தரை வரை. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும், அப்பர் தையல் அக்காவுக்கும் தோது. வார நாளில் சாயங்காலம் படிக்க இடம் வேண்டும் என்பவர்களுக்குத் திறந்துவிடுவேன், ஆனால் ஞாயிறுதான் முக்கியம். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடியட்டும், வைகாசியில் ஆரம்பிக்கலாம். அதற்கு முன்னால் ஆரம்பித்தால் ஒருவரும் வர மாட்டார்கள், நானே வர மாட்டேன்.

சந்தேகம் கேட்க ஆள் வேண்டும் என்று வாத்தியார் சார் சொன்னதுதான் உறுத்துகிறது. நான் தறிக் கணக்கு எழுதுகிறவன், எனக்கு என்ன தெரியும்?

#14 கொசப்பேட்டை வாத்தியார்

ஞாயிறு காலை எனக்கு வேறு என்ன வேலை? ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஏழுக்கு வந்துவிடலாம். ஆனால் பாடம் எடுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். ஒரு மூலையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். எங்கே நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வருபவருக்கு மட்டும் வாய் திறப்பேன். ‘எல்லாமே புரியவில்லை சார்’ என்று வந்தால், எந்த வரி என்று கண்டுபிடித்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவேன். அதைக் கண்டுபிடிப்பதுதான் நீங்கள் எல்லோரும் சொல்லும் அந்தத் தானே கற்றல்.

#15 மட்டுறுத்துநர்

இடையில் வந்த இரண்டு பயிற்சி நிலைய விளம்பரங்களை நீக்கியிருக்கிறேன். ஒன்றில் ‘இலவச டெமோ வகுப்பு’ என்று இருந்தது, துணிச்சல்தான். இழை திறந்தே இருக்கும்.

#16 தறிமேடை *(ஏழு வாரம் கழித்து)*

கேட்டவர்களுக்காகக் கணக்கு. பழைய பெஞ்சு நான்கு (கல்யாண மண்டபம் ஒன்று மாற்றியபோது எடுத்தது) 2,400. படி விளக்கு, வயரிங், இரண்டு மின்விசிறி 4,150. ஷீட்டுக்குக் கீழே தென்னை ஓலைத் தட்டி 1,800. ஜெராக்ஸ் இதுவரை 620. கழிப்பறைக்கு மறு சாவி 60 ரூபாய், செலவிலேயே உருப்படியானது அதுதான். லேப்டாப் ஒன்றுதான் வாங்கினேன், அதையும் பாதி நேரம் யாரும் தொடுவதில்லை. காட்பாடி தம்பியின் பெட்டி ஓடுகிறது. மூன்றாவது வாரம் சூட்டில் நின்றது, இப்போது அதற்கு மண்பானைப் பக்கத்தில் இடம்.

முதல் ஞாயிறு பதினேழு பேர். இரண்டாவது பதினொன்று. நான்காவது வாரம் நான்கு பேர், அதில் ஒருவன் என் அக்கா மகன், நான் இழுத்து வந்தவன். மல்லுக்கட்டு அண்ணன் சொன்னது பலித்துவிட்டது என்றே நினைத்தேன். அந்த வாரம்தான் நூலகத்து எறும்பு வந்து ஒரு வேலை செய்தார். சுவரில் ஒரு தாள் ஒட்டினார். ஒரு பக்கம் ‘எனக்கு இது தெரியும்’, மறுபக்கம் ‘நான் இங்கே நிற்கிறேன்’. பெயர் எழுத வேண்டும். யாராவது ஒரு பக்கத்தில் இருந்தால் மறுபக்கத்துக்காரர் தேடி வந்துவிடுகிறார். இப்போது ஒன்பது, பத்து பேர் நிலையாக வருகிறார்கள். எல்லோரும் ஒரே ஆட்களல்ல, ஆனால் எண்ணிக்கை குறையவில்லை.

பையன் ஐஐடி தகுதித் தேர்வுக்குப் பதிந்திருக்கிறான். தேறுவானா தெரியவில்லை. நிபந்தனை நிகழ்தகவை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குக் கோலி வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

#17 அப்பர் தையல்

நானும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்குப்பதிவியலில் தேய்மானத்தில் இரண்டு மாதமாக நின்றேன். குறைந்து செல் மதிப்பு முறை. ‘நான் இங்கே நிற்கிறேன்’ பக்கத்தில் எழுதிவிட்டுப் போனேன். அடுத்த ஞாயிறு ராணிப்பேட்டையிலிருந்து ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கிறார். மல்லுக்கட்டு அண்ணன்!

புத்தகத்தை மூடச் சொன்னார். உங்கள் மெஷின் என்ன விலை இருக்கும் என்றார். நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். பத்து சதவீதம் என்றால் முதல் வருடம் நாலாயிரம் தேய்கிறது, மீதி முப்பத்தாறாயிரம். அடுத்த வருடம் பத்து சதவீதம் எதில் போடுவீர்கள், புது மெஷினிலா, இருக்கிற மெஷினிலா என்று கேட்டார். இருக்கிற மெஷினில்தான், புதுசு எங்கே இருக்கிறது என்றேன். அப்போ மூவாயிரத்து அறுநூறு. அதற்கடுத்தது மூவாயிரத்து இருநூற்று நாற்பது. நானே போட்டேன். இரண்டு மாதம் என்ன ஏதென்று புரியாமல் கிடந்தது இவ்வளவுதான்.

பக்கத்து மெஷின் பெண்ணும் வருகிறாள். அவள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் போகிறாள். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்னாலேயே தனியாகப் பதிய வேண்டுமாம், வாத்தியார் சார்தான் சொன்னார். இல்லாவிட்டால் அந்த வருடம் போயிருக்கும்.

#18 மல்லுக்கட்டு

நான் வந்தது கேரம் போர்டு இருக்கிறதா என்று பார்க்க.

#19 தறிமேடை

இந்த ஞாயிறு வருபவர்களுக்கு: கீழே கடைக்காரர் வீட்டில் விசேஷம், முன்கதவு மூடியிருக்கும். பின்சந்து வழியாக வாருங்கள். மூன்றாவது படி உடைந்திருக்கிறது, கொத்தனார் செவ்வாய்க்கிழமைதான் வருகிறார். யாரிடமாவது ஒன்பதாம் வகுப்பு உருது வழிக் கணக்குப் புத்தகம் இருந்தால் எடுத்து வரவும், பாய் ஒருவரை அழைத்து வருகிறார்.